கணினி சொன்ன விடையும் தாள் கேட்ட வினாவும்

நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு வரும் நோயாளியை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் அனுபவம் முதிர்ந்த அறுவை மருத்துவராய் இருப்பதில்லை. பட்டம் பெற்றுச் சில திங்களோ ஓரிரு ஆண்டுகளோ ஆன இளம் மருத்துவர் ஒருவரே அந்த நேரத்தில் பணியில் இருப்பார். அவர் முன் நிற்கும் கேள்வி ஒன்றே: வயிற்றைத் திறப்பதா, காத்திருப்பதா? வலிக்குக் காரணம் குடல்வால் அழற்சியாக இருந்து, அவர் காத்திருந்துவிட்டால், குடல்வால் உள்ளேயே வெடித்துச் சீழ் பரவும். வேறு ஏதோ சாதாரண வலியாக இருந்து, அவர் அவசரப்பட்டுவிட்டால், நோயில்லாத வயிற்றில் கத்தி பட்டிருக்கும். இரண்டு பிழைகளுக்கும் விலை கொடுப்பவர் நோயாளி. முடிவின் பாரத்தைச் சுமப்பவரோ தூக்கம் இழந்த அந்த இளைஞர்.

இந்தப் பாரத்தில் ஒரு பங்கைக் கணினியின் மேல் ஏற்றிவைக்க இயலுமா என்று முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களுள் முன்னோடியாகக் கருதத்தக்கவர், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பிரான்சிஸ் திமோத்தி டி டொம்பல். அவரும் அவருடைய தோழர்களும் 1971, 1972-ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆய்வைப் பற்றி இங்கே சற்று விரிவாக எண்ணிப் பார்க்க விழைகிறோம். கணினி எத்துணைத் திறமை வாய்ந்தது என்று காட்டுவதற்காகத் தொடங்கிய அந்த ஆய்வு, மனிதன் எதனால் மனம்வைத்து உழைக்கிறான் என்ற வேறொரு கேள்வியைத் தன்னை அறியாமலே எழுப்பிவிட்டது. வேலைத்தலந்தோறும் செயற்கை நுண்ணறிவு நுழைந்துவரும் இந்நாளில் அந்தக் கேள்வியைத் தள்ளிவைக்க வழியில்லை.

மருத்துவரைத் தொழிலாளர் கணக்கில் சேர்ப்பது முறையா என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். விவிலியத்தில் சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்க்கலாம். மருத்துவரின் மாண்பைப் பேசித் தொடங்கும் அதிகாரம், உழவர், கொல்லர், குயவர் ஆகியோரின் உழைப்பைப் பேசி நிறைவு பெறுகிறது. இரண்டுக்கும் நடுவே இறந்தோர்க்காகத் துக்கம் காப்பது பற்றிச் சில வசனங்கள் வருகின்றன. மருத்துவரை அடுத்துச் சாவைப் பற்றிய பேச்சு வருவது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும்! எவ்வாறாயினும், மருத்துவரும் குயவரும் ஒரே அதிகாரத்தில் அடங்குவார்கள் என்பது நமக்குப் போதும்.

உழைப்பவனிடமிருந்து முடிவெடுக்கும் பொறுப்பைப் பிரித்தெடுப்பது கணினியோடு தொடங்கிய வழக்கம் அன்று. அமெரிக்கப் பொறியாளர் பிரெடெரிக் வின்ஸ்லோ டெய்லர் 1899-ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவின் பெத்லகேம் உருக்காலையில் இரும்புப் பாளம் சுமக்கும் கூலியாட்களை வைத்துச் சோதனை நடத்தினார். எப்போது தூக்குவது, எப்போது நடப்பது, எப்போது உட்கார்ந்து இளைப்பாறுவது என்பதைத் தொழிலாளி தீர்மானிக்கக் கூடாது; அருகில் நிற்கும் மேற்பார்வையாளரே சொல்ல வேண்டும். இவ்வாறு செய்ததால் ஒருவர் ஒரு நாளில் சுமக்கும் பாரம் 12½ டன்னிலிருந்து 47 டன்னுக்கு உயர்ந்தது என்று 1911-இல் வெளியான தம் நூலில் அவர் எழுதினார். அந்தக் கணக்கின் நேர்மையைப் பிற்கால வரலாற்று ஆய்வாளர்கள் ஐயுற்றுள்ளனர். ஆயினும் டெய்லரின் கொள்கை உலகெங்கும் பரவியது. சிந்திப்பவர் ஒருவர், செய்பவர் வேறொருவர் என்றாயிற்று. ஆண்டவர் பிறந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஆலையில் இது நிகழ்ந்தது என்பது நம் மனத்தைச் சற்றே உறுத்துகிறது.

எனினும் டெய்லரின் கைக்கடிகாரம் கூலியாளைத்தான் அளந்தது. மேசைக்குப் பின்னால் அமர்ந்து தீர்ப்புச் சொல்பவரை அது நெருங்கவில்லை. மருத்துவர், வழக்கறிஞர், வங்கி மேலாளர் ஆகியோரின் வேலை எழுதப்பட்ட விதிகளுக்குள் அடங்காதது, அனுபவத்தால் மட்டுமே கைவரக்கூடியது என்று அனைவரும் நம்பினர். அந்த நம்பிக்கையின் கதவைத்தான் லீட்ஸ் ஆய்வு தட்டிப் பார்த்தது.

டி டொம்பலின் முறை புரிந்துகொள்ளக் கடினமானதன்று. அதன் அடிப்படை இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கணிதத் தேற்றம். டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் ஊரில் பிரிவினைச் சபையொன்றின் போதகராய் இருந்த தாமஸ் பேயஸ் 1761-இல் இறந்தபின், அவர் விட்டுச் சென்ற கையெழுத்துப் பிரதியை ரிச்சர்ட் பிரைஸ் என்னும் மற்றொரு போதகர் 1763-இல் வெளியிட்டார். கண்ட விளைவிலிருந்து காணாத காரணத்தை எந்த அளவு உறுதியுடன் ஊகிக்கலாம் என்று அத்தேற்றம் சொல்கிறது. அடிவயிற்றின் வலப்புறத்தில் வலி என்ற ஒரு செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க இயலாது. ஆனால் முன்பு வந்தவர்களுள் குடல்வால் அழற்சி உடையோரில் எத்தனை பேருக்கு அங்கே வலித்தது, பித்தப்பை அழற்சி உடையோரில் எத்தனை பேருக்கு அங்கே வலித்தது என்று எண்ணி வைத்திருந்தால், அந்த ஒரு செய்தி தராசை ஒரு பக்கமாகச் சற்றே சாய்க்கும். வாந்தி உண்டா, பசி உண்டா, இருமினால் வலி கூடுகிறதா, முன்பு இப்படி வந்ததுண்டா, அழுத்திய கையை எடுக்கும்போது வலிக்கிறதா என ஒவ்வொரு விடையும் சேரச் சேர ஒரு தட்டு தாழ்ந்துவிடும். குடல்வால் அழற்சி, பித்தப்பை அழற்சி, கணைய அழற்சி, சிறுகுடல் அடைப்பு, இரைப்பைப் புண் ஓட்டையாதல், பெருங்குடல் பிதுக்கங்களில் வரும் அழற்சி, காரணம் இன்னதென்று குறிக்க இயலாத வலி என ஏழு வகைகளுக்குள் எது என்பதைக் கணினி இந்த எண்ணிக்கையால் கூறியது.

1972-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முதல் முடிவுகள் வெளியாயின. 304 நோயாளிகளில் கணினியின் கூற்று நூற்றுக்கு 91.8 அளவில் சரியாய் இருந்தது. அதே நோயாளிகளைப் பார்த்த மூத்த மருத்துவரின் கூற்று நூற்றுக்கு 79.6 அளவில்தான் சரியாய் இருந்தது. அக்காலத்தில் இச்செய்தி எத்துணைக் கலக்கத்தை உண்டாக்கியிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

இதே குழுவினர் அவ்வாண்டில் வெளியிட்ட மற்றொரு கட்டுரை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. நோய்க்குறிகள் எத்தனை விழுக்காட்டினருக்குத் தோன்றும் என்று மருத்துவர்களையே உத்தேசமாகச் சொல்லவைத்து, அந்த உத்தேசங்களைக் கணினிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கணினியின் திறம் குறைந்துபோயிற்று. உண்மையான நோயாளிகளை எண்ணிப் பெற்ற விகிதங்களைக் கொடுத்தபோதுதான் அது உயர்ந்தது. மருத்துவர்களுக்கு அறிவு இல்லை என்பது இதன் பொருளன்று. தாங்கள் சொன்னவற்றுள் எவை பலித்தன, எவை பொய்த்தன என்று அவர்களிடம் எவரும் கணக்கு வைத்துக் காட்டியதில்லை. அனுபவம் என்று நாம் பெருமையோடு சொல்வது பல நேரங்களில் நினைவில் தங்கிவிட்ட சில முகங்களே. நம் துறைகளிலும் இது பொருந்தும் என்றே தோன்றுகிறது.

இனி அந்த எதிர்பாராத செய்திக்கு வருவோம். 1974-இல் வெளியான தொடர் அறிக்கையில் ஆய்வாளர்கள் கணினியை விட்டுவிட்டு மருத்துவர்களின் பக்கம் திரும்பினர். ஆய்வு நடந்த காலத்தில் மருத்துவர்களே முன்னைவிடச் சரியாக நோயைக் கணித்தனர். அறுவைக்கு முன்பே குடல்வால் வெடித்துவிட்ட நோயாளிகள் நூற்றுக்கு 36 ஆக இருந்த நிலை மாறி, நூற்றுக்கு 4 ஆகக் குறைந்தது. தேவையின்றி வயிறு திறக்கப்படுவதும் வெகுவாகக் குறைந்தது. 1972 ஆகஸ்டில் ஆய்வு முடிந்தது. அதன்பின் அந்த எண்கள் பழைய நிலையை நோக்கித் திரும்பத் தொடங்கின.

இந்த மூன்று வரிச் செய்தியை நாம் பலமுறை படித்தோம். அதே மருத்துவமனை, அதே நோய். மருத்துவர்களின் கைத்திறன் ஆகஸ்டு மாதத்தோடு ஆவியாகிப் போகவில்லை. எதுதான் போயிற்று?

கணினியின் விடை போயிற்று என்பது எளிய மறுமொழி. ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. கணினி நேரடித் துணையாக அமைந்தது ஒருபுறமிருக்க, இடைவிடாமல் தம் பணியின் விளைவை அறிந்துவந்ததாலும், கணினியோடு உரையாடுவதற்குத் தேவைப்பட்ட ஒழுங்காலும் மருத்துவர்கள் பயன் பெற்றிருக்கலாம் என்று அவர்களே எழுதினர். அந்த ஒழுங்கு என்ன? ஒரு தாள். வலி தொடங்கிய இடம், இப்போது உள்ள இடம், எத்தனை நேரமாக, எதனால் கூடுகிறது, எதனால் தணிகிறது என்பன போன்ற கேள்விகள் வரிசையாக அச்சிடப்பட்ட தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன பொருள் என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்திருந்தார்கள். ஒரு மருத்துவர் 'வயிறு விறைத்திருக்கிறது' என்று எழுதினால், மற்றொருவரும் அதே நிலையைத்தான் அச்சொல்லால் குறிக்க வேண்டும். களைத்துப்போன பின்னிரவில் பாதிக் கேள்விகளைக் கேட்டு, ஊகத்தால் மீதியை நிரப்பிக்கொள்ளும் வழக்கத்துக்கு அந்தத் தாள் இடம் தரவில்லை.

இங்கே நாம் நின்று கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கருவி மருத்துவரின் வேலையை எளிதாக்கவில்லை. முன்பு ஐந்து கேள்விகளோடு எழுந்துபோனவர் இப்போது முப்பது, நாற்பது கேள்விகளைக் கேட்க வேண்டியிருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் மீண்டும் தொட வேண்டியிருந்தது. வேலையின் பளுவைக் குறைத்தால் ஊக்கம் தானே பிறக்கும் என்று மேலாளர்கள் சொல்லி வருகிறார்கள். லீட்ஸில் பளு கூடியது, பணியும் சிறந்தது. ஏனெனில் கூடிய பளு நோயாளியின் படுக்கையருகே கூடியது. அது மருத்துவரை அவருடைய தொழிலின் உள்ளே இன்னும் ஆழமாக இழுத்துச் சென்ற பளு.

ஏறத்தாழ இதே ஆண்டுகளில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹாக்மன், கிரெக் ஓல்டம் என்னும் உளவியலார் இருவர் இவ்விளைவுக்குப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தனர் எனலாம். 7 நிறுவனங்களில் 62 வகை வேலைகளைச் செய்த 658 பேரை ஆராய்ந்து, 1976-இல் அவர்கள் தங்கள் கோட்பாட்டை வெளியிட்டனர். உழைப்பவனின் உள்ளத்தில் மூன்று உணர்வுகள் இருந்தால்தான் ஊக்கம் உள்ளிருந்து ஊறும் என்பது அதன் சாரம். தன் வேலை பொருளுடையது என்ற உணர்வு முதலாவது. அதன் விளைவுக்குத் தான் பொறுப்பு என்ற உணர்வு இரண்டாவது. தன் உழைப்பால் என்ன விளைந்தது என்ற அறிவு மூன்றாவது. இளம் மருத்துவருக்கு முதல் இரண்டும் என்றுமே குறைவாக இருந்ததில்லை. வயிற்றுவலியால் துடிப்பவர் முன்னால் நிற்பவனுக்குத் தன் வேலை பொருளற்றது என்று தோன்றுமா? மூன்றாவதுதான் அவருக்குக் கிட்டாமலே இருந்தது. இரவில் தாம் பார்த்த நோயாளியின் வயிற்றில் மறுநாள் அறுவையின்போது என்ன கண்டார்கள் என்பது, பணிநேரம் முடிந்து உறங்கப் போய்விட்ட அவருக்குப் பெரும்பாலும் எட்டுவதில்லை. ஆய்வு நடந்த காலத்தில் அது எட்டியது.

லீட்ஸ் முறை பின்னர் எட்டு மருத்துவமனைகளுக்கு விரிவாக்கப்பட்டது. 250 மருத்துவர்கள், 16,737 நோயாளிகள் என விரிந்த அந்தப் பெரிய ஆய்வின் முடிவு 1986-இல் வெளியாயிற்று. முதல் பரிசோதனையிலேயே நோயைச் சரியாகக் கணிக்கும் அளவு 45.6 விழுக்காட்டிலிருந்து 65.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. குடல்வால் வெடிப்பது 23.7 விழுக்காட்டிலிருந்து 11.5 ஆகக் குறைந்தது. இருந்தும் இம்முறை எங்கும் நிலைபெற்ற வழக்கமாக ஆகவில்லை. அதற்கு ஒரு காரணம், பின்வந்த ஆண்டுகளில் வயிற்றை உள்ளபடியே காட்டும் ஒலியலைப் படமும் கணித்த குறுக்குவெட்டுப் படமும் பெருகியது.

இதே காலத்தில் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், இண்டியானாபொலிஸ் நகரில், கிளெமென்ட் மெக்டொனால்ட் என்னும் மருத்துவர் வேறொரு பாதையில் சென்றார். நோயாளியைப் பார்க்கப் போகும் மருத்துவருக்கு, இன்ன மருந்து கொடுக்கப்படுகிறது, ஆகவே இன்ன சோதனையைச் செய்யுங்கள் என்பன போன்ற நினைவூட்டல்களைக் கணினி அச்சிட்டுக் கொடுத்தது. 1976-இல் வெளியான முடிவின்படி, நினைவூட்டல் இருந்தபோது மருத்துவர்கள் நூற்றுக்கு 51 தருணங்களில் உரியதைச் செய்தனர். இல்லாதபோது நூற்றுக்கு 22 தருணங்களில் மட்டுமே செய்தனர். பிழைகளுள் பல திருத்தக்கூடிய குறைபாடுகள் அல்ல, தகவல்களைக் கையாள்வதில் மனிதனுக்குள்ள இயல்பான எல்லையால் வருபவை என்று மெக்டொனால்ட் முடிவு கட்டினார். மனிதனை முழுமைப்படுத்த இயலாது என்னும் கருத்து அவர் கட்டுரைத் தலைப்பிலேயே இடம்பெற்றது. பிறப்புநிலைப் பாவத்தைப் பற்றி மறைக்கல்வியில் படித்த நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை! ஆனால் மருத்துவ இதழொன்றில் அத்தலைப்பைக் காண்பது சற்று வியப்புத்தான்.

லீட்ஸும் இண்டியானாபொலிஸும் மனிதனை இரு வேறு கண்களால் பார்த்தன என்று நமக்குத் தோன்றுகிறது. ஒன்று அவனைக் கற்றுக்கொள்ளக்கூடியவனாகக் கண்டது. மற்றொன்று மறந்துவிடக்கூடியவனாகக் கண்டது. இரண்டும் மெய்யே. நாற்பது நோயாளிகளைப் பார்த்த மாலை நேரத்தில், மறந்துபோன சோதனையை நினைவூட்டும் ஒரு துண்டுச் சீட்டு ஓர் உயிரைக் காக்குமானால், அதைப் பழிப்பதற்கு நாம் யார்? ஆனால் இரண்டாவது பார்வை மட்டுமே வேரூன்றிவிட்டால் என்ன நேரும் என்பதைப் பின்வந்த வரலாறு காட்டியது.

இடையே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் 1970-களில் உருவாக்கிய 'மைசின்' என்னும் நிரலையும் குறிப்பிட வேண்டும். குருதியில் பரவும் நோய்த்தொற்றுக்கும் மூளையுறை அழற்சிக்கும் எந்த மருந்து தகும் என்று அது சொன்னது. 1979-இல் வெளியான ஒப்பீட்டில், அப்பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு அது சற்றும் குறைந்ததாக இல்லை. எனினும் நோயாளிகளின் அன்றாடச் சிகிச்சைக்கு அது ஒருபோதும் வரவில்லை. அதன் சிறப்பு வேறொன்றில் இருந்தது: 'இதை ஏன் கேட்கிறாய்?' என்று மருத்துவர் திருப்பிக் கேட்டால், அது தன் காரணத்தைச் சொல்லும். 1981-இல் ஷார்ட்லிஃபும் அவர் தோழரும் மருத்துவர்களின் மனப்பாங்கை ஆராய்ந்தபோது, பிழையே செய்யாத கணினியைக் காட்டிலும், தன் அறிவுரைக்கு விளக்கம் தரும் கணினியையே அவர்கள் விரும்பியது தெரிந்தது. மருத்துவர்கள் வேண்டியது ஆணையிடும் எசமானை அல்ல, கலந்து பேசும் துணைவரை.

அதே 1981-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றிய 'லபோரெம் எக்செர்சென்ஸ்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் எழுதிய 'ரேரும் நோவாரும்' மடலின் தொண்ணூறாம் ஆண்டு நிறைவாகிய மே 15-ஆம் நாளிலேயே அது வெளிவருவதாக இருந்தது. இரண்டு நாள் முன்னதாக, மே 13 அன்று, புனித பேதுரு பேராலய வளாகத்தில் குண்டு அவர் வயிற்றில் பாய்ந்தது. உரோமையின் ஜெமெல்லி மருத்துவமனையில் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக நடந்த வயிற்று அறுவைக்குப் பின் உயிர்பிழைத்த அவர், மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின்னரே மடலின் இறுதி வடிவத்தைச் செப்பனிட முடிந்தது. இளமையில் கிராக்கோவ் நகரருகே கல்லுடைத்தும் வேதிப்பொருள் ஆலையில் உழைத்தும் வாழ்ந்தவர் அவர். உழைப்பைப் பற்றி ஏட்டறிவால் மட்டும் எழுதியவர் அல்லர்.

அம்மடலின் ஐந்தாம் பகுதியில், தொழில்நுட்பம் மனிதனின் நண்பன் என்று ஏற்றுக்கொண்டபின், அது எப்போது பகைவனாக மாறும் என்றும் அவர் கூறுகிறார். வேலையைப் பறிப்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. உழைப்பில் மனிதன் பெறும் மனநிறைவையும், படைப்பூக்கத்துக்கும் பொறுப்புணர்வுக்குமான தூண்டுதலையும் இயந்திரம் எடுத்துக்கொள்வதையும் அவர் அதே மூச்சில் சேர்த்துக் கூறுகிறார். ஊதியம் குறையாமல், வேலையும் போகாமல், பொறுப்பு மட்டும் கைநழுவிப் போகக்கூடும் என்பதை அவர் கண்டிருந்தார். ஹாக்மனும் ஓல்டமும் கேள்வித்தாள்களால் கண்டறிந்த இரண்டாவது உணர்வு, திருத்தந்தையின் மடலில் மனித மாண்பின் பகுதியாக இடம்பெற்றது.

இரண்டாண்டு கழித்து, 1983-இல், லிசான் பெயின்பிரிட்ஜ் என்னும் ஆங்கிலேய உளவியல் அறிஞர் தானியங்கி முறையின் முரண்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். எளிய வேலைகளை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால், மனிதனுக்கு எஞ்சுவது இயந்திரத்தால் செய்ய இயலாத மிகக் கடினமான வேலையே. ஆனால் அன்றாடப் பழக்கம் இல்லாததால் அதைச் செய்யும் திறன் அவனிடம் மங்கியிருக்கும். வேலை எளிதாவதாகத் தோன்றும். உண்மையில் கடினமான வேலையே, இடையிடையே, முன்னறிவிப்பின்றி வந்து சேரும். ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அக்கட்டுரை இன்று மருத்துவமனைக்கும் பொருந்துகிறது.

மெக்டொனால்டின் துண்டுச் சீட்டு பிற்காலத்தில் பெருவெள்ளமாயிற்று. மருந்து எழுதும் மருத்துவரின் திரையில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை தோன்றும் முறை பல நாடுகளில் பரவியது. 2006-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வாளர்களின் தொகுப்புரையின்படி, அத்தகைய எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடு வரை மருத்துவர்களால் ஒதுக்கித் தள்ளப்பட்டன. புலி வருகிறது, புலி வருகிறது என்று கூவிய சிறுவனின் கதை நமக்குப் புதிதன்று. கேட்பவரின் வேலை இதனால் குறையவில்லை, ஒவ்வொரு கூவலுக்கும் நின்று, படித்து, தள்ளிவிட்டு மேலே செல்லும் புதுப் பளு ஒன்று சேர்ந்தது. லீட்ஸில் கூடிய பளுவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் காண்க. அங்கே கூடிய பளு மருத்துவரின் கண்ணை நோயாளியின் பக்கம் திருப்பியது. இங்கே கூடிய பளு திரையின் பக்கம் திருப்பியது.

2025-ஆம் ஆண்டு சனவரி 28-இல் வத்திக்கான் வெளியிட்ட 'அந்திக்வா எத் நோவா' என்னும் ஆவணம், செயற்கை நுண்ணறிவு தொழிலாளரை உயர்த்துவதாகச் சொல்லிக்கொண்டே அவர்களுடைய திறனைக் குறைத்துவிடக்கூடும் என்று எச்சரித்தது. அவ்வாண்டு மே திங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, தாம் அப்பெயரை ஏற்றதற்கு 'ரேரும் நோவாரும்' எழுதியவரின் நினைவே முதன்மைக் காரணம் என்றும், செயற்கை நுண்ணறிவு உழைப்புக்கு விடுக்கும் புதிய அறைகூவல் தம் மனத்தில் இருப்பதாகவும் கர்தினால்களிடம் கூறினார். இவை வெறும் அச்சங்கள்தாமா என்று கேட்டவர்களுக்கு, அதே ஆண்டு ஆகஸ்டில், யோவான் பவுலின் சொந்த நாடாகிய போலந்திலிருந்து ஒரு மறுமொழி வந்தது.

பெருங்குடலுக்குள் நுண்ணிய ஒளிக்குழாயைச் செலுத்திப் பார்க்கும் மருத்துவர்களின் முதன்மைப் பணி, பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடிய சிறு வளர்ச்சிகளைக் கண்டுபிடிப்பது. மடிப்புகளுக்கிடையில் ஒளிந்திருக்கும் அவற்றைக் காணப் பொறுமை வேண்டும். கூர்ந்த கண் வேண்டும். போலந்தின் நான்கு மையங்களில் 2021-ஆம் ஆண்டின் இறுதியில் செயற்கை நுண்ணறிவு இதற்குத் துணையாக வந்தது. வளர்ச்சி இருப்பதாக ஐயம் தோன்றிய இடத்தைத் திரையில் ஒரு கட்டமிட்டு அது காட்டும். எல்லா நோயாளிகளுக்கும் அது பயன்படுத்தப்படவில்லை. ஆகவே, துணையின்றிச் செய்யப்பட்ட சோதனைகளை மட்டும் எடுத்து, கருவி வருவதற்கு முந்திய மூன்று மாதங்களையும் வந்தபின் மூன்று மாதங்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். முன்பு நூற்றுக்கு 28.4 சோதனைகளில் இவ்வளர்ச்சிகள் கண்டுபிடிக்கப்பட்டன. பின்பு நூற்றுக்கு 22.4 சோதனைகளில் மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டன. சோதனை செய்த 19 மருத்துவர்களும் புதியவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் 2,000-க்கு மேற்பட்ட சோதனைகளைச் செய்து தேர்ந்தவர்கள்.

நடந்ததைப் பின்னோக்கிப் பார்த்துத் தொகுத்த ஒரே ஓர் ஆய்வு இது. இதைக் கொண்டு எல்லாவற்றையும் தீர்த்துவிட இயலாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் அதன் ஆசிரியர்கள் காரணம் தேடிய இடத்தில் எழுதியிருப்பது நம்மைத் திகைக்க வைத்தது. கருவியின் துணைக்குப் பழகியவர்கள், துணையின்றி முடிவெடுக்கும்போது ஊக்கமும் கவனமும் பொறுப்புணர்வும் குறைந்தவர்களாக ஆகியிருக்கலாம் என்கின்றனர் அவர்கள். நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த சுற்றுமடலின் சொற்களுக்கு மிக அருகில், அதைப் பற்றிய பேச்சே இல்லாமல், அவர்கள் வந்து நிற்கிறார்கள்.

லீட்ஸிலும் கருவி நீங்கியபின் எண்கள் இறங்கின; போலந்திலும் கருவி இல்லாத வேளையில் எண்கள் இறங்கின. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆனால் லீட்ஸ் மருத்துவர்கள் தாங்கள் முன்பு இருந்த நிலையை நோக்கித்தான் இறங்கினர். போலந்து மருத்துவர்கள் தாங்கள் முன்பு இருந்த நிலைக்கும் கீழே இறங்கினர். லீட்ஸ் மருத்துவர் நோயாளியின் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டார், தொட்டுப் பார்த்தார், தாளை நிரப்பினார், தம் கணிப்பைத் தாமே எழுதினார். உண்மை என்னவென்பது பிறகு அவரிடம் வந்து சேர்ந்தது. போலந்து மருத்துவரின் திரையிலோ, அவர் தேடி முடிப்பதற்குள் கட்டம் தோன்றிவிடுகிறது.